டங் கதவு, தொப் கதவு: 20,000 ரூபாயில் முதல் கார் ஆடியோ

போன வாரம் மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்த மழை ஓய்ந்ததும் முதல் வேலையாக முன் கதவின் ட்ரிம்மை, அதாவது உள்பக்க மூடியை, கழற்றினேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். காந்தம் காய்ந்திருந்தது. ஸ்பீக்கரைத் தாங்கும் மர வளையம் ஊதவில்லை. கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பொங்கல் கழிந்து ஆரம்பித்த வேலை ஐப்பசியில் முடிந்துவிட்டது என்று அப்போதுதான் தைரியமாகச் சொல்லிக்கொண்டேன்.

வண்டி 2012 வேகன் ஆர். மாமா ஓட்டியது, அவர் வேறு வண்டிக்கு மாறியபோது என் கைக்கு வந்தது. உள்ளே ஒரு பழைய யூ.எஸ்.பி. செட், முன் கதவுகளில் ஓரம் கிழிந்த காகிதக் கூம்பு ஸ்பீக்கர் இரண்டு. மேடவாக்கத்திலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்குத் தினமும் போக ஒரு மணி நேரம், வர அதற்கும் மேல். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் எந்தப் பக்கம் நடந்து போகிறது என்று வேளச்சேரி நெரிசலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். கையில் 20,000 ரூபாய்.

எல்லாரையும் போல என் முதல் திட்டமும் டிக்கியில் 12 இஞ்ச் டப்பாதான், அதாவது பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர் (ஸப்வூஃபர்) வைத்த பெட்டி. நண்பன் ஒருவன் தன் பழைய டப்பாவையும் ஆம்பையும் (ஸ்பீக்கருக்குப் பவர் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) ஒரு வாரத்துக்குக் கடன் கொடுத்தான். ஆம்பின் மேல் கொட்டை எழுத்தில் 1000 வாட் என்று போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் முதுகில் இருந்த ஃப்யூஸ் 20 ஆம்பியர். வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 13.8 வோல்ட். பெருக்கினால் 276 வாட். அந்த வகை ஆம்பில் அதில் பாதியோ, பாதிக்குக் கொஞ்சம் மேலோதான் ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் சூடாகிவிடும். ஆக 1000 வாட் என்பது 150 வாட் பக்கம். அதன் பிறகு எந்தக் கடையில் எந்த ஆம்பைக் காட்டினாலும் ஃப்யூஸைத்தான் முதலில் பார்த்தேன். கடைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை.

டப்பா போட்ட வாரத்தில் கேட்டது பேஸ் இல்லை, நம்பர் பிளேட். டிக்கிக் கதவு முழுக்கக் கிடுகிடுத்தது. அதோடு வாரா வாரம் இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன் அந்த டிக்கியில்தான் வரும். டப்பாவும் கேனும் சேர்ந்து நிற்காது. "பாட்டு கேட்டா தாகம் அடங்கிடுமாடா?" என்று அம்மா கேட்டார். டப்பா நண்பன் வீட்டுக்கே திரும்பிப் போனது.

அடுத்த சனிக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஒரு கடையில் தொடுதிரை, நான்கு ஸ்பீக்கர், டப்பா, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 18,000, ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது. கம்பெனி வயரை வெட்டித்தான் இணைப்போம் என்றதும் நகர்ந்துவிட்டேன். அங்கிருந்து புதுப்பேட்டை. மாமா காலத்திலிருந்து இந்த வண்டிக்கு வயரிங் பார்க்கும் பாய் அங்கே இருக்கிறார். என் பட்டியலை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. முன் கதவின் நடுவில் விரல் முட்டியால் தட்டினார். டங்.

"கேட்டீங்களா தம்பி? இதுல எந்த ஸ்பீக்கரப் போட்டாலும் தகர டப்பாதான் பாடும். மொதல்ல கதவ ஊமையாக்குங்க, அப்புறம் வாட்ஸ் பேசலாம்."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் வாங்கியது முதலில் செட்டையும் ஸ்பீக்கரையும்தான். கதவுக்கு ஒட்டும் கறுப்பு ஷீட்டை வாங்கி வந்து வீட்டில் யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது?

செட் 6,200 ரூபாய். தொடுதிரை இல்லாத ஒற்றை டின் (ஒரு அடுக்கு உயரம்) செட். பின்னால் ஆம்புக்குச் சத்தத்தை அனுப்ப மூன்று ஜோடி ஆர்.சி.ஏ. அவுட், உள்ளேயே ஆழமான பேஸை மட்டும் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டர். பெட்டியில் 50 வாட் × 4 என்று இருக்கும், உள்ளே குறிப்புத்தாளில் ஆர்.எம்.எஸ்., அதாவது விடாமல் தரக்கூடிய பவர், 22 வாட் × 4. நம்ப வேண்டியது குறிப்புத்தாளை. ஸ்பீக்கர் 4,800 ரூபாய்க்கு ஆறரை இஞ்ச் காம்பொனென்ட், கீச்சுச் சத்தத்துக்கான ட்வீட்டர் தனி. கடையில் இரண்டு ஜோடி கையில் இருந்தன, ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற கணக்கில் ஒன்று 87 டெசிபல், இன்னொன்று 90. மூன்று டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். 22 வாட்டை வைத்துக்கொண்டு நான் அதற்கு எங்கே போவேன்? 90 வாங்கினேன்.

செட்டை மாட்டியது பெரிய வேலை இல்லை. மஞ்சள் நேரடி பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்பை எழுப்ப. மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் செட் எல்லாவற்றையும் மறந்துபோனதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் செட்தான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவில்தான் பொழுது போனது. கண்ணாடியைச் சுற்றும் கைப்பிடியில் திருகே இல்லை. பின்னால் லாட வடிவில் ஒரு சின்னக் கம்பிக் கிளிப். பழைய துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்தால் கிளிப் கழன்று தெறிக்கும். தெறித்தது. ஒன்று கிடைத்தது, இன்னொன்று எவ்வளவு தேடியும் அப்போது கிடைக்கவில்லை. ட்ரிம்மின் பிளாஸ்டிக் பூட்டுகளில் நான்கு உடைந்தன. புதுப்பேட்டையில் லாடக் கிளிப்பும் ஒரு பாக்கெட் பூட்டும் சேர்த்து 120 ரூபாய். கழற்றும் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கதவுத் தகட்டிலிருந்து கண்ணாடி வரை அளந்தேன். 49 மி.மீ. ஸ்பீக்கரின் ஆழம் 62. அப்படியே மாட்டினால் காந்தம் கண்ணாடியில் இடிக்கும். 18 மி.மீ. வளையம் போட்டால் 67, ஐந்து மி.மீ. இடைவெளி. சரி, முன்பக்கம்? ஸ்பீக்கர் துருத்தி ட்ரிம்மின் வலையைத் தொடக்கூடாதே. சப்பாத்தி மாவை உருண்டையாக உருட்டி, பாலித்தீனில் சுற்றி, ஸ்பீக்கர் உட்காரும் இடத்தில் ஒட்டி ட்ரிம்மை அழுத்தி மூடினேன். திறந்து பார்த்தால் மாவு 31 மி.மீ. தடிமனுக்கு நசுங்கியிருந்தது. வளையம் 18, ஸ்பீக்கரின் மூக்கு 9, ஆக 27. தப்பித்தேன். அந்த மாவு இரவு சப்பாத்தியாகிவிட்டது.

வளையத்தை எம்.டி.எஃப்.பில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) கேட்டேன். "மழைக்கு ஊதிடும் சார், ப்ளைவுட்ல போடுங்க" என்றார் எங்கள் தெரு ஆசாரி. இரண்டு வளையம், வெட்டுக்கூலி, மூன்று கோட் பெயின்ட் எல்லாம் சேர்த்து 500. மாட்டும் முன் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். பிளஸ் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும். இரண்டும் ஒரே பக்கம் தள்ளினால்தான் பேஸ் பேஸாக இருக்கும், ஒன்று மாறினால் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

பாட்டைப் போட்டேன். குரல் அருமை. வயலின் அருமை. பேஸ் வந்த இடத்தில் கதவு ஸ்ர்ர் என்றது. பாய் சொன்னது இதைத்தான்.

இனி வருவது என் சொந்தப் புத்திசாலித்தனம். கதவு ஊமையாக வேண்டுமானால் ப்யூட்டைல் ஷீட், அதாவது அதிர்வை அடக்க ஒட்டும் அந்தக் கறுப்பு ரப்பர் ஷீட், வாங்க வேண்டும், முன் இரண்டு கதவுக்கு 2,400 ரூபாய். பக்கத்து ஹார்டுவேர் கடையில் மொட்டை மாடி விரிசலுக்கு ஒட்டும் தார் டேப் இருந்தது. அதுவும் கறுப்பு, அதற்கும் மேலே வெள்ளித் தாள், ஒரு ரோல் 320 ரூபாய். இரண்டு ரோல் 640. கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. மார்ச் முதல் வாரம் ஒட்டினேன். கதவைத் தட்டினால் தொப். ஸ்ர்ர் போய்விட்டது. 1,760 ரூபாய் மிச்சம் பிடித்ததாக நண்பனிடம் பீற்றிக்கொண்டேன்.

மே மாதம், கத்திரி வெயில். அலுவலகத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் மரம் கிடையாது, கூரையும் கிடையாது. ஒரு நாள் மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால், புதிதாகப் போட்ட ரோட்டின் வாசனை. சாலையில்தான் வேலை நடக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே வாசனை. மூன்றாம் நாள் சித்தி மகள் கல்யாணம். வெள்ளை வேட்டியோடு இறங்கும்போது கதவின் கீழ் விளிம்பில் கால் உரசியது. முழங்காலுக்குக் கீழே விரல் தடிமனுக்கு ஒரு கறுப்புக் கோடு. குனிந்து பார்த்தால் ட்ரிம்முக்கு அடியிலிருந்து தார் கண்ணீர் மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

ட்ரிம்மைக் கழற்றியபோது வெள்ளித் தாள் மட்டும் கீழே சரிந்து சுருண்டு கிடந்தது. தார் கண்ணாடி இறங்கும் தண்டவாளம் வரை போயிருந்தது. துணியால் துடைத்தால் இன்னும் பரவியது. கத்தியால் சுரண்டினால் நூல் நூலாக இழுத்தது. வழி சொன்னவர் பாய்தான். ஐஸ். மீன் கடைக்கு ஐஸ் போடுகிறவரிடம் கொஞ்சம் வாங்கி, பாலித்தீன் பையில் கட்டி, தகட்டின் மேல் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன். தார் கல்லாக இறுகியது. பழைய ஏ.டி.எம். கார்டை அடியில் விட்டு நெம்பினால் கடலை மிட்டாய் மாதிரி துண்டு துண்டாக உடைந்து வந்தது. மிச்சம் ஒட்டியிருந்ததை டர்பன்டைனில் துடைத்தேன். இரண்டு கதவுக்கு ஒன்றரை நாள். ஐஸ், டர்பன்டைன், கையுறை 260 ரூபாய். வேட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூனில் ப்யூட்டைல் வாங்கினேன், அதே 2,400. இரண்டு மி.மீ. தடிமன். 140 ரூபாய்க்கு ஒரு சின்ன ரோலர். தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டி, வெள்ளித் தாளில் இருக்கும் புடைப்புக் கோலம் மறையும் வரை ரோலரால் அழுத்த வேண்டும். கையால் தடவினால் போதாது, அடியில் காற்று நிற்கும். வெளித்தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை. நடுவில், தட்டினால் அதிகம் அதிரும் இடத்தில், மூன்றில் ஒரு பங்கு மூடினாலே டங் போய்விடுகிறது. உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளைத்தான் விடாமல் மூட வேண்டும். ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் அந்த வழியாக முன்னால் வந்து பேஸைத் தின்றுவிடும்.

இது தெரிந்தும் வெளித்தகட்டில் தாராளமாக ஒட்டிவிட்டேன். உள்தகட்டுக்கு வரும்போது ஷீட் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு கதவிலும் கீழே ஒரு ஓட்டை திறந்தபடியே நின்றது. கம்பெனி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளையும் குப்பை என்று நினைத்துக் கிழித்துப் போட்டிருந்தேன். இதன் பலன் ஆகஸ்டில் தெரிந்தது.

நடுவில் ஜூலையில் ஆம்ப். பயன்படுத்தியது, 50 வாட் × 4, ஃப்யூஸ் 25 ஆம்பியர், 3,500 ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பொய் சொல்லாத ஆம்ப். வயர் வாங்க எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், போய்த்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் 700 ரூபாய் கிட் ஒன்றை எடுத்து, முனையில் ஒரு இழையை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். சுரண்டச் சுரண்டச் செம்பாகவே இருந்த 8 கேஜ் கிட் 1,350.

பேட்டரியிலிருந்து 20 செ.மீ.க்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ். கிட்டில் அதை ஆம்ப் பக்கமாகக் கோத்திருந்தார்கள், வெட்டி இந்தப் பக்கம் மாற்றினேன். வயர் வழியில் எங்காவது உரசி பாடியில் பட்டால், ஃப்யூஸ் அந்த முனையில் இருந்து என்ன பயன்? எஞ்சினுக்கும் உள்ளுக்கும் நடுவிலுள்ள ரப்பர் துளையில் வயரை நுழைக்க சைக்கிள் பிரேக் கம்பி உதவியது. ஆம்பின் இடம் பக்கத்து சீட்டுக்கு அடியில், அங்கிருந்த தட்டை எடுத்துவிட்டு. தரையில் நேரடியாக வைக்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கத்தில் காரின் மிதியடி வரை தண்ணீர் ஏறிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ப்ளைவுட் பலகையில் திருகி, ரப்பர் புஷ் கொடுத்து இரண்டு இஞ்ச் தூக்கி வைத்தேன். அந்த அளவு வெள்ளத்துக்கு இது போதாது, ஈரக் குடைக்குப் போதும்.

எஞ்சினைப் போட்டதும் பாட்டோடு சேர்ந்து ஒரு கொசு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொசுவின் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். பவர் வயரையும் ஆர்.சி.ஏ. வயரையும் ஒரே ஓரத்தில் கட்டியதுதான் காரணம் என்று முடிவுகட்டி, ஒரு ஞாயிறு முழுக்கச் செலவழித்து ஒன்றை இடது ஓரம், ஒன்றை வலது ஓரம் ஆக்கினேன். கொசு கொஞ்சம் இளைத்தது, சாகவில்லை. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தேன். பாட்டு ஓடும்போது ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே 0.4 வோல்ட். எர்த்தை சீட் போல்ட்டில் கொடுத்திருந்தேன், போல்ட்டுக்கு அடியில் பெயின்ட். பக்கத்தில் தரைத் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அங்கே திருகி, மேலே கிரீஸ் பூசினேன். 0.03 வோல்ட். கொசு போயே போய்விட்டது. மீட்டரை முதலிலேயே எடுத்திருந்தால் அரை மணி நேர வேலை.

அந்த மீட்டரை நம்பியும் ஒரு முறை ஏமாந்தேன். ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதற்கான திருகு கெயின். அதை வைக்க, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப் முனையில் ஏ.சி. வோல்ட் பார்க்க வேண்டும். 50 வாட்டை 4 ஓமால் பெருக்கினால் 200, அதன் வர்க்கமூலம் சுமார் 14.1 வோல்ட். செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து 1000 ஹெர்ட்ஸ் சத்தம் ஓடவிட்டு 14 வரும் வரை திருகினேன். பாட்டு போட்டால் கரகர. மலிவு மீட்டர்கள் ஏ.சி.யை 450 ஹெர்ட்ஸ் பக்கம் வரைதான் ஒழுங்காக அளக்கும், அதற்கு மேல் குறைத்துக் காட்டியிருக்கிறது. 200 ஹெர்ட்ஸில் மறுபடி, இந்தத் தடவை 12 வோல்ட்டோடு நிறுத்தினேன். 36 வாட். ஹைபாஸ் 80 ஹெர்ட்ஸ். சுத்தம்.

ஆகஸ்டில் ஒரு மாலை மழை. மறுநாள் பிரேக் பிடித்தால் கதவுக்குள் களக் களக் என்று இளநீர் ஆட்டிய சத்தம். கண்ணாடி ரப்பரைத் தாண்டி மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறிவிடும். அப்படித்தான் எல்லாக் கதவும் இருக்கிறது. அந்த ஓட்டைகளின் மேல்தான் நான் ஷீட்டை ஒட்டியிருந்தேன். உள்ளே பிளாஸ்டிக் தாளும் இல்லாததால் ட்ரிம்மின் அட்டை நனைந்து உப்பியிருந்தது. ஓட்டைகளை மறைத்த ஷீட்டை வெட்டி எடுத்து, துடைப்பத்து ஈர்க்குச்சியால் குத்தி வழி விட்டேன். வெட்டிய துண்டையே ஸ்பீக்கர் காந்தத்துக்கு மேலே குடை மாதிரி ஒட்டினேன். வீட்டில் கிடந்த தடித்த பாலித்தீனை கதவு அளவுக்கு வெட்டி, கீழ் முனை உள்பக்கமாக இறங்கும்படி ஒட்டினேன். மிச்சமிருந்த ஓட்டைகளும் அதில் மூடிக்கொண்டன. கண்ணாடி மேல் பத்துச் சொம்பு தண்ணீர் ஊற்றி, அத்தனையும் கீழே தரையில் வருகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தேன். வந்தது. ஆனாலும் வடகிழக்குப் பருவமழை ஒரு சுற்று வரட்டும் என்று எழுதாமல் இருந்தேன்.

மொத்தம் 19,910 ரூபாய். மிச்சம் 90. கதவுக்காகப் போனது 4,060, அதில் 900 தாருக்கும் தார் எடுக்கவும். திரும்பச் செய்வதானால் ப்யூட்டைலை முதல் நாளே வாங்கி, பழைய செட்டும் பழைய வாட்டும் அப்படியே இருக்க, ஸ்பீக்கரை மட்டும் மாற்றி ஒரு மாதம் கேட்பேன். ஆம்ப் இல்லாமலேயே எனக்குப் போதுமானதாக இருந்திருக்குமோ என்று சந்தேகம் இருக்கிறது, ஏனென்றால் மேடவாக்கம் மேம்பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகும்போதுகூட வால்யூம் பாதியைத் தாண்டுவதில்லை. பின் கதவு ஸ்பீக்கருக்குக் காசு வைக்காததில் வருத்தமே இல்லை.

ஆம்பில் இன்னும் இரண்டு சேனல் சும்மா கிடக்கிறது. 8 இஞ்ச் ஸப்வூஃபர் ஒன்றை பின் சீட்டுக்கு அடியில் வைக்க முடியுமா என்று நேற்று டேப் வைத்து அளந்தேன், உயரம் 11 செ.மீ.தான் வருகிறது. அளந்துகொண்டிருந்தபோதுதான் சீட் தண்டவாளத்துக்கு அடியில் எதுவோ பளபளத்தது. காசாக இருக்குமோ என்று அம்மா எட்டிப் பார்த்தார். இல்லை, தொலைந்துபோன லாடக் கிளிப்.